விபத்தில் நாடி நின்று வருபவருக்கு முதல் 10 நிமிடம்: எதை முதலில் செய்வது?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் சாலையில் அடிபட்ட ஒருவர், 108 வண்டியிலோ வழியில் நின்ற ஆட்டோவிலோ ஏற்றப்பட்டு, பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கேதான் முதலில் வந்து சேர்கிறார். பெரிய மருத்துவமனைகளை விட்டுவிட்டால், இரவு நேரக் கேஷுவால்டியில் பெரும்பாலும் ஒரு டூட்டி டாக்டரும் ஒன்றிரண்டு ஸ்டாஃப் நர்சுகளும் ஒரு பணியாளரும்தான் இருப்பார்கள். வந்தவருக்குக் கழுத்து நாடி கிடைக்கவில்லையென்றால், அந்த மூன்று நான்கு பேரின் கைகள் எந்த வேலையை முதலில் எடுத்துக்கொள்வது என்பதை அந்த நிமிடத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. முன்னதாகவே முடிவெடுத்து, பழகி வைத்திருக்க வேண்டும். அந்த முடிவை எடுக்கும் பொறுப்பில் உள்ள மருத்துவர்களுக்காகவும் செவிலியர்களுக்காகவும் நிர்வாகிகளுக்காகவும், இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில், எதுவும் செய்து பயனில்லை என்ற எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். காயத்தால் இதயம் நின்றவர் பிழைப்பதில்லை என்பது நம் மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் நம்பிக்கை. லண்டனில் ஹெலிகாப்டர் மருத்துவக் குழுவினர் தாங்கள் பார்த்த 909 பேரின் விவரத்தை 2006-இல் வெளியிட்டபோது, அவர்களில் 68 பேர், அதாவது 7.5 சதவீதத்தினர், உயிரோடு வீடு திரும்பியிருந்தார்கள். அந்த ஊரின் வசதி நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: மூச்சுத் தடைபட்டு இதயம் நின்றவர்களும், குத்துக்காயத்திற்காக அந்த இடத்திலேயே மார்பு திறக்கப்பட்டவர்களும் மற்றவர்களைவிட அதிகமாகப் பிழைத்தார்கள், ரத்தம் வடிந்தே இதயம் நின்றவர்கள் பிழைத்தது மிக அரிது. மூச்சுத் தடையைச் சரிசெய்ய ஹெலிகாப்டர் தேவையில்லை. தாலுகா மருத்துவமனையிலும் அம்பு பேக், அதாவது கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் பை, இருக்கிறது.

முதல் தேர்வு, மார்பை அழுத்துவதா, காரணத்தைத் தேடுவதா என்பது. மாரடைப்பு வந்து இதயம் நின்றவருக்குச் சி.பி.ஆர். (மார்பை அழுத்தி மூச்சு ஊட்டுவது), மின்ஷாக், அட்ரினலின் என்ற வரிசை நம் எல்லோருடைய கையிலும் ஊறிப்போயிருக்கிறது. அந்த வரிசை, ரத்தக் குழாய்களில் ரத்தம் நிறைந்திருக்கிறது, பம்பு மட்டுமே பழுது என்ற நிலைக்காக வகுக்கப்பட்டது. பலத்த காயம் பட்டவரிடம் நிலைமை நேர் எதிர்: பம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, உள்ளே வந்து சேர ரத்தம் இல்லை, அல்லது வர வழி இல்லை. தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டாரை ஓட்டுவது போன்றது அப்போது செய்யும் மார்பு அழுத்தம். ஐரோப்பிய புத்துயிர்ப்புக் கழகம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் 2021-இல் வெளியிட்டதிலும் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: ரத்த இழப்பு, ஆக்சிஜன் குறைவு, மார்புக்கூட்டில் அழுத்தத்தோடு தேங்கிய காற்று, இதய உறைக்குள் தேங்கிய ரத்தம் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் கவனிப்பதற்கு மார்பு அழுத்தத்தைவிட முன்னுரிமை தர வேண்டும். ரத்த இழப்பால் இதயம் நிற்கச் செய்த விலங்குகளில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, மார்பு அழுத்தம் பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்தது என்றும், சலைனைவிட ரத்தம் கொடுத்தவை நன்றாகத் தேறின என்றும் காட்டியது.

அதற்காக மார்பு அழுத்தத்தை விலக்கிவிட வேண்டும் என்று பொருளில்லை. மூச்சுக்குழாய்க்கும் மார்புக்கும் ரத்தக் கசிவுக்கும் தேவையான கைகள் போக ஒரு ஜோடிக் கை மிஞ்சினால், மற்ற வேலைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் அது அழுத்தட்டும். ஆனால் நான்கு பேர் இருக்கும் அறையில் இரண்டு பேர் மாறி மாறி மார்பை அழுத்திக்கொண்டிருந்தால், அந்த நான்கு காரணங்களையும் யார் பார்ப்பது? எனக்கு இங்கே தயக்கமே இல்லை. ஆட்கள் குறைவாக இருக்கும் மருத்துவமனைகளில்தான் இந்த முன்னுரிமையை இன்னும் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. வண்டி ஓட்டும்போதே மாரடைப்பு வந்து, அதனால் மரத்தில் மோதியவர் உண்டு. மின்கம்பத்தில் வேலை செய்யும்போது ஷாக் அடித்துக் கீழே விழுந்தவர் உண்டு. இவர்களுக்கு வழக்கமான சி.பி.ஆர். வரிசைதான் சரி. காயம் சிறியதாகவும் நிலைமை மிக மோசமாகவும் இருந்தால், மானிட்டரில் ஷாக் கொடுக்க வேண்டிய துடிப்பு தெரிந்தால், உடனே அந்த வரிசைக்கு மாற வேண்டும். கூட வந்தவரிடம் "விழுவதற்கு முன்னால் நெஞ்சைப் பிடித்தாரா, ஐயா?" என்று கேட்பதற்கு ஐந்து நொடி போதும்.

மூச்சுக்குழாய் விஷயத்தில் தேர்வு, மூச்சுக்குழாய்க்குள்ளேயே குழாய் செலுத்தும் இன்ட்யூபேஷனா அல்லது எல்.எம்.ஏ., ஐ-ஜெல் போன்ற குரல்வளைக்கு மேல் வைக்கும் குழாயா என்பது. அறையில் இரண்டு டாக்டர்கள் இருந்தால், ஒருவர் இன்ட்யூபேட் செய்வதே மேல். ஒரே ஒரு டாக்டர் இருந்தால், ரத்தமும் வாந்தியும் நிறைந்த வாயில் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்போடு அவர் போராடும் நேரத்தில் மார்பில் தேங்கிய காற்றை வெளியேற்ற யாரும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட அறையில், பயிற்சி பெற்ற நர்ஸ் சக்ஷன் போட்டு வாயைச் சுத்தம் செய்து ஐ-ஜெல் வைத்து அம்பு பேக்கை அழுத்த, டாக்டர் நேராக மார்பின் பக்கவாட்டுக்குப் போவதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஹெல்மெட் இல்லாமல் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கு, அடிபட்ட கணத்தில் மூளை அதிர்ந்து மூச்சு மட்டும் நின்றுபோவதுண்டு. இதயம் சில நிமிடம் ஓடி, ஆக்சிஜன் இல்லாமல் பிறகு நிற்கிறது. தாடையை முன்னால் தூக்கி, காற்றைச் செலுத்திய உடனேயே நாடி திரும்பக்கூடியவர் இவர்தான். ரத்தம் வடிந்தவராக இருந்தால் பையை நிதானமாக அழுத்த வேண்டும். பதற்றத்தில் வேகமாக அழுத்தினால் மார்புக்குள் அழுத்தம் ஏறி, வருகிற கொஞ்ச ரத்தமும் இதயத்திற்குள் நுழையாமல் நின்றுவிடும்.

அடுத்தது, இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் தேர்வு: மார்பில் தேங்கிய காற்றை ஊசியால் எடுப்பதா, விரலால் திறப்பதா. ஊசி வழி நமக்குப் பழகியது. 14 கேஜ் வென்ஃப்ளான் என்ற தடித்த ஐ.வி. ஊசியைக் காறை எலும்பின் நடுவுக்கு நேர்கீழே இரண்டாவது விலா இடைவெளியில் குத்துவதாகப் படித்திருக்கிறோம். அதன் நன்மை, யார் வேண்டுமானாலும் செய்யலாம், பத்து நொடி போதும் என்பது. குறைகளோ பல. பெரியவர்களின் மார்புச் சுவர் பல வேளைகளில் அந்த ஊசியின் நீளத்தைவிடத் தடிமனாக இருக்கிறது. ஊசி உள்ளே போனாலும் மடங்கிவிடுகிறது, ரத்தக் கட்டியால் அடைபடுகிறது. காற்று வெளியேறவில்லையென்றால் அது காற்றே இல்லாததாலா, ஊசி எட்டாததாலா என்று தெரிவதில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் விபத்துச் சிகிச்சைப் பாடத்திட்டம், 2018-இல் வந்த பத்தாம் பதிப்பில், பெரியவர்களுக்கு ஊசி குத்தும் இடத்தையே நான்காவது, ஐந்தாவது விலா இடைவெளிக்கு, அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் மாற்றியது.

அதே இடத்தில்தான் விரல் வழியும். கையைத் தலைப்பக்கம் விலக்கிவைத்து, ஆண்களில் ஏறக்குறைய மார்புக்காம்பின் உயரத்தில், கீழ் விலா எலும்பின் மேல் விளிம்பையொட்டி மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலை வெட்ட வேண்டும். விலா எலும்பின் கீழ் விளிம்பில் ரத்தக் குழாய் ஓடுவதால் மேல் விளிம்பை விட்டு நகரக் கூடாது. மூடிய ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற கவ்வியைத் தசைக்குள் செலுத்தி, கட்டுப்பாடோடு தள்ளினால், உறை கிழிவது கையில் தெரியும். தேங்கிய காற்று சீறிக்கொண்டு வெளியே வரும், அல்லது ரத்தம் கொட்டும். பிறகு விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். அம்பு பேக் அழுத்தும்போது நுரையீரல் விரிந்து விரல் நுனியைத் தொட்டு விலகினால், அந்தப் பக்கம் காற்றுத் தேக்கம் இல்லை என்பது அதே நொடியில் உறுதி. இந்த உறுதியை எந்த ஊசியாலும் தர முடியாது. முறிந்த விலா எலும்பின் முனை பிளேடைப் போல இருக்கும் என்பதால் இரட்டைக் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

நாடி இல்லாதவருக்கு எந்தப் பக்கம் என்று எக்ஸ்-ரேவுக்குக் காத்திருக்காமல், மார்பில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். மார்புக்குள் வைக்கும் ஐ.சி.டி. வடிகுழாயும் பாட்டிலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துளை திறந்திருந்தால் முதல் சில நிமிடங்களுக்குப் போதும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு, அதை விட்டுவிட்டால் ஆபத்து: குழாய் வழியாகவோ அம்பு பேக் வழியாகவோ நாம் காற்றைச் செலுத்திக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே இப்படித் துளையைத் திறந்து விடலாம். தானாக மூச்சு விடுகிறவருக்குச் செய்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் வெளிக்காற்று அந்தத் துளை வழியாக உள்ளே இழுக்கப்பட்டு நுரையீரல் சுருங்கிவிடும். டாக்டர் இல்லாத இடத்திலும் ஓடும் ஆம்புலன்ஸிலும் ஊசிக்கு இடம் இருக்கிறது. டாக்டர் நிற்கும் கேஷுவால்டியில், நாடி நின்றவருக்கு, விரல்தான்.

ரத்தக் கசிவைப் பொறுத்தவரை ஒப்பிடுவதற்கு அதிகமில்லை. வெளியே தெரியும் கசிவை அழுத்திப் பிடிப்பதும், கை கால்களில் ரத்தத்தை நிறுத்தும் இறுக்கக் கட்டான டூர்னிக்கே கட்டுவதும், இடுப்பு எலும்பு உடைந்திருக்கலாம் என்றால் இறுக்கிக் கட்டுவதும் முதல் நிமிடத்திலேயே நடக்க வேண்டும். அதற்கென்று விற்கும் பெல்ட் இல்லாவிட்டால் மடித்த பெட்ஷீட்டோ வேட்டியோ போதும். வயிற்றைச் சுற்றிக் கட்டாமல், தொடை எலும்பு பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் இடத்தின் மேல் கட்ட வேண்டும். தென்னையிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்தவர்களிடம் இந்தக் கட்டு பல வேளைகளில் தவறான உயரத்தில் இருப்பதைப் பார்க்கிறோம்.

சலைனா ரத்தமா என்பதில்தான் நம் ஊர்களின் உண்மையான சிக்கல் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் 40 சதவீதத்துக்கு மேல், அதாவது 2 லிட்டருக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. நம் ரத்த வங்கிகளில் ஒரு பை 350 அல்லது 450 மில்லி. ஆக, இழந்ததை ஈடுசெய்ய ஐந்தாறு பைகள் வேண்டும். சலைன் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, விலை குறைவு, குரூப் பார்க்க வேண்டாம். ஆனால் அது ஆக்சிஜனைச் சுமக்காது. ரத்தம் உறைவதற்கான பொருள்களை நீர்க்கச் செய்கிறது. உடலைக் குளிரச் செய்து உறைதலை இன்னும் கெடுக்கிறது. ஆகவே ரத்தம் வந்து சேரும் வரை நாடியைத் தக்கவைக்கும் அளவுக்கு மட்டுமே சலைன், அதற்கு மேல் வேண்டாம். யாருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் கிடைக்கவில்லை என்று காத்திருந்து நேரத்தைத் தொலைக்கக் கூடாது. நம் நாட்டில் நெகட்டிவ் குரூப் உள்ளவர்களே மிகக் குறைவு; வயது வந்த ஆண்களுக்கும் மகப்பேற்று வயதைக் கடந்த பெண்களுக்கும் அவசரத்தில் ஓ பாசிட்டிவ் கொடுப்பது ஏற்கப்பட்ட நடைமுறை. நிர்வாகம் பணம் செலவழிக்க நினைத்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் கேஷுவால்டிக்கு அருகிலேயே இரண்டு பை ஓ பாசிட்டிவ் எப்போதும் இருக்கும் ஏற்பாட்டைச் செய்யட்டும் என்பேன். உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றி அதிகம் விவாதிக்கத் தேவையில்லை: 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2010-இலும் 2011-இலும் முடிவுகள் வெளியான ஆய்வில், காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் நேரும் மரணம் குறைந்தது. நாடி திரும்பியதும் 1 கிராம் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினை ரத்தம் காலியானவருக்குத் திரும்பத் திரும்பப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய குழாய்கள் ஏற்கெனவே முழுதாகச் சுருங்கித்தான் இருக்கின்றன.

இனி, எல்லோரும் தயங்கும் கேள்வி: கேஷுவால்டியிலேயே மார்பைத் திறப்பதா? இதய உறைக்குள் ரத்தம் தேங்கினால் ஊசியால் உறிஞ்சலாம் என்று தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் உறைந்த ரத்தம், ஊசி வழியே வராது. மார்பைத் திறந்து, உறையைக் கீறி, கட்டியை எடுத்து, இதயத்தில் உள்ள ஓட்டையை விரலால் அடைப்பதுதான் உண்மையான சிகிச்சை. இதன் பலன் யாருக்கு எவ்வளவு என்பதை 2015-இல் அமெரிக்காவின் கிழக்கு விபத்து அறுவை மருத்துவர் சங்கம், 10,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. மார்பில் குத்துக்காயமோ குண்டுக்காயமோ பட்டு, வரும்போது உயிரின் அடையாளம் ஏதாவது இருந்தவர்களில் 21.3 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அடையாளம் எதுவும் இல்லாதவர்களில் 8.3 சதவீதம். மோதல் காயத்தில், அதாவது குத்தோ குண்டோ இல்லாமல் மோதியோ விழுந்தோ பட்ட அடியில், அடையாளம் இருந்தவர்களில் 4.6 சதவீதம், இல்லாதவர்களில் 0.7 சதவீதம், அதிலும் மூளை பழுதில்லாமல் பிழைத்தவர்கள் 0.1 சதவீதம்தான். கண்மணி சுருங்குவது, ஒரு மூச்சு, கை கால் அசைவு, மானிட்டரில் ஓடும் மின்துடிப்பு ஆகியவை உயிரின் அடையாளங்கள்.

இந்த எண்களை நம் சாலைகளின் மேல் வைத்துப் பார்த்தால் முடிவு தானாகவே பிரிகிறது. நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் மோதல் காயக்காரர்கள். உயிரின் அடையாளம் இல்லாமல் வரும் அவர்களுக்கு மார்பைத் திறப்பது, பிழைக்காதவரின் உடலைத் திறப்பதும், இருக்கும் சிலரின் கைகளை ரத்தத்தோடும் கூரான எலும்போடும் ஆபத்தில் விடுவதும்தான். ஆனால் மார்பில் கத்திக்குத்துப் பட்டு, ஸ்ட்ரெச்சரில் பேசிக்கொண்டே வந்து நம் கண்முன்னால் நாடி நின்றவரை, சி.பி.ஆர். மட்டும் செய்து கைவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. லண்டனில் மருத்துவமனைக்கு வெளியிலேயே மார்பு திறக்கப்பட்ட குத்துக்காயக்காரர்கள் 71 பேரில் 13 பேர் பிழைத்ததாக 2011-இல் பதிவாகியிருக்கிறது. அதைச் செய்தவர்கள் இதய அறுவை நிபுணர்கள் அல்லர், பழகிய அவசர மருத்துவர்கள். செய்யத் தெரிந்தவர், கருவி, தொடர்ந்து தையல் போட ஆபரேஷன் தியேட்டர், நாடி நின்று 15 நிமிடத்துக்கு மேல் ஆகாமை ஆகிய நான்கும் சேர்ந்தால் திறக்கலாம். ஒன்று இல்லையென்றால் திறக்கக் கூடாது. புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் இந்த நான்கும் கூடிவர வழி இருக்கிறது. அறுவை மருத்துவர் வீட்டிலிருந்து வர வேண்டிய மருத்துவமனையில், அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இதய உறைக்குள் திரவம் தெரிந்தால், ஸ்கேனைப் பார்த்தபடி ஊசி போட்டுப் பார்ப்பது இரண்டாந்தர வழிதான் என்றாலும், அங்கே கைக்கெட்டுவது அதுதான். குத்துக்காய வழக்குகளில் இன்னொன்று: சட்டையை வெட்டும்போது கத்தி நுழைந்த துளையின் வழியாகவும், தோலைக் கீறும்போது அந்தக் காயத்தின் வழியாகவும் வெட்டாமல் இருந்தால், பின்னால் பிரேதப் பரிசோதனையிலும் நீதிமன்றத்திலும் உண்மை கலையாமல் இருக்கும்.

பெருந்தமனிக்குள் பலூனை ஏற்றி ஊதி ரத்தப்போக்கை அடைக்கும் முறையைப் பற்றிக் கருத்தரங்குகளில் ஆர்வமாகப் பேசுகிறார்கள். பிரிட்டனில் 90 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், பலூன் சேர்த்த குழுவில் 90 நாளில் 54 சதவீதம் பேரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் 42 சதவீதம் பேரும் இறந்தார்கள். நம் மாவட்ட மருத்துவமனைகள் இதற்காகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை.

எப்போது நிறுத்துவது என்பதையும் முன்னதாகவே எழுதி வைத்திருக்க வேண்டும். கடந்த 15 நிமிடமாக உயிரின் அடையாளமே இல்லாமல் வந்தவருக்கும், பிழைக்கவே முடியாத காயம் வெளிப்படையாகத் தெரிபவருக்கும் தொடங்குவதில் பொருளில்லை. தொடங்கியவருக்கு, மூச்சு செலுத்தி, இரண்டு பக்கமும் திறந்து, கசிவை அடைத்து, ரத்தம் ஏற்றிய பிறகும் நாடி வரவில்லையென்றால் ஸ்கேன் ஆய்வுக்கோலை மார்பில் வைத்துப் பார்க்கலாம். கேஷுவால்டியில் மார்பு திறப்பதற்கு முன் ஸ்கேன் பார்க்கப்பட்ட 187 பேரைப் பற்றி 2015-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்த ஆய்வில், இதயத் தசை அசையாமல், உறைக்குள் திரவமும் இல்லாமல் இருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. திரவம் இல்லை, அசைவும் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகு நிறுத்துவது, கடிகாரத்தை மட்டும் பார்த்து நிறுத்துவதைவிட நியாயமானது. வெளியே நிற்கும் குடும்பத்தாரிடம் அதை டாக்டர் தானே போய், உட்கார வைத்து, "அம்மா, மூச்சுக்கும் ரத்தத்துக்கும் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து பார்த்துவிட்டோம், இதயம் திரும்பவில்லை, இறந்துவிட்டார்" என்று நேராகச் சொல்ல வேண்டும். பணியாளரை அனுப்பிச் சொல்லச் செய்வது கூடாது.

கடைசியாக, நாம் அடிக்கடி தவறாகத் தேர்ந்தெடுக்கும் வழி: நாடி இல்லாதவரை அப்படியே ஜிப்மருக்கு அனுப்பிவிடுவது. கடலூரிலிருந்து கோரிமேடு 20 கிலோமீட்டருக்கு மேல்; அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று நெரிசலைக் கடந்து போக வேண்டும். நாடி நின்ற ஒருவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. மார்பின் இரண்டு பக்கமும் துளை போட்டு மூச்சைச் செலுத்தும் வேலை இங்கேயே, இந்தக் கட்டிலில்தான் நடக்க வேண்டும். நாடி திரும்பியவரை மட்டுமே அனுப்ப வேண்டும். அனுப்பும்போது அங்குள்ள டூட்டி டாக்டரிடம் காயத்தையும், நாடி எப்போது நின்றது, எப்போது திரும்பியது என்பதையும், எத்தனை பை ரத்தம் ஏறியது என்பதையும் போனில் சொல்லிவிட்டு, மார்புத் துளைகளை அறிந்த ஒருவரைக் கூட அனுப்ப வேண்டும். வழியில் மறுபடி நாடி தளர்ந்தால் அவர் அட்ரினலினைத் தேடுவதற்கு முன், வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கையுறையோடு அந்தத் துளைக்குள் விரலை மீண்டும் விட்டு, தசை மூடி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.